ஊசி ஆடியது பாட்டுக்கல்ல

போன மாதம் எங்கள் கோவில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கிறவர் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்க்கிறவர், நாற்பதைத் தாண்டியவர். பைக்குள் காலால் மிதித்துக் கிடார் ஒலியை மாற்றுகிற எஃபெக்ட்ஸ் பலகை இருந்தது.

"டிஸ்பிளே செத்துட்டு ஆன்ட்டி. சத்தம் மட்டும் லேசா வருது. புதுசுதான் வாங்கணும்னு கடையில சொல்லுதாங்க."

"அடாப்டர் எங்க?"

"அது வீட்டுல இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கிறதை எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எடுத்து வந்தார். அது அந்தப் பலகைக்குரிய அடாப்டரே இல்லை, அவர் வீட்டு இன்டர்நெட் பெட்டியினுடையது. முனை பொருந்தியதால் உறவும் பொருந்திவிட்டது என்று நினைத்திருக்கிறார். சரியான அடாப்டரைத் தேடிச் செருகியதும் திரை பளிச்சென்று வந்தது. வெட்கத்தை மறைக்க ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் எங்கன படிச்சீய?" ரேடியோ கடையில் என்றேன். "ரேடியோ கடையில கிடாருக்கு என்ன வேலை?" என்றார்.

அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய தொழிற்பள்ளியில் பெண்களுக்கு ரேடியோ பூட்டும் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். பெண் விரல்கள் மெலிந்தவை, சால்டரிங் வேலைக்கு ஏற்றவை என்பது அவர்கள் கொள்கை. என் விரல்கள் மெலிந்தவை அல்ல, ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்கெல்லாம் வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி, நாங்கள் சான்றிதழ் வாங்குவதற்குள் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பி, தூத்துக்குடியில் தங்கராஜ் அண்ணாச்சியின் ரேடியோ கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. முன்பிருந்த மெக்கானிக் சொல்லாமல் பம்பாய்க்குப் போயிருந்தான். வேறு ஆள் கிடைக்கும்வரை நான் இருக்கலாம் என்றார் அண்ணாச்சி. கடையை மூடும்வரை வேறு ஆள் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி உடன்குடிக்காரர். குடும்பமே கருப்பட்டி வியாபாரம். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து உருகுவதைப் பார்த்து மனம் வெறுத்து, உருகாத சரக்கு எது என்று யோசித்து ரேடியோவுக்கு வந்ததாகச் சொல்வார். ரேடியோவும் உருகும் என்பதைக் கடை திறந்த பிறகு கண்டுகொண்டார். ரேடியோவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதுதான். ஆனால் வாடிக்கையாளர் பழுதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கேட்பார். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"மிலேயே பாதிப் பேருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

நான் பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஆண்கள் நேராக என்னிடம் பழுதைச் சொல்ல மாட்டார்கள். அண்ணாச்சியிடம் சொல்வார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் தட்டியைத் திரும்பிப் பார்த்து முழுவதையும் மறுபடி சொல்வார், வழியில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து. நான் கேள்வி கேட்டால் அதுவும் அதே வழியில் திரும்பிப் போகும். கையெட்டும் தூரத்தில் நின்ற மூன்று பேருக்கு நடுவே இப்படி ஒரு தபால் நிலையம் வேலை செய்தது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெட்டியை மட்டும் கொண்டுவந்தால் வாங்க மாட்டார். வயர், பிளக், பேட்டரி, மூடி, உறை, எதோடு சேர்த்து ஓட்டுகிறார்களோ அத்தனையும் வரவேண்டும். இதன் காரணம் தொழில்நுட்பம் அல்ல, சந்தேகம். பின்னால் "என் வயரைக் காணோம், என் மூடி எங்கே" என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. வாங்கும்போதே எல்லாவற்றையும் கடை மேசையில் பரப்பி, வீட்டில் ஓட்டுவதுபோல ஓட்டிக் காட்டச் சொல்வார். நான் பின்னால் படித்த புத்தகங்களில் பழுது பார்ப்பதற்கான முதல் விதியாக இதைத்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் இதற்குக் கண்டுபிடித்த காரணங்கள் இன்னும் கௌரவமானவை.

என் முறை எளிமையானது. பிளக், வயர், ஃபியூஸ், பிறகுதான் பெட்டி. கரண்ட் ஓடும் பெட்டிக்குள் கைவைக்கும்போது காலடியில் பலகை, இடது கை முந்தானைக்குள். இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். கடைசியாக, விளக்கை நம்பக்கூடாது. பெட்டியின் முகத்தில் எரிகிற சிவப்பு விளக்குக்குப் பெரும்பாலும் தனி வழி உண்டு. அது எரிந்தால் வாசல்வரை கரண்ட் வந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

கிடார்க்காரர்கள் வந்தது கப்பல்காரர்களால். எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவராவது கப்பலில் இருப்பார். சிங்கப்பூரிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தம்பிக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார். சத்தத்தைக் கரகரவென்று ஆக்குகிற ஃபஸ் பெட்டி, குழந்தை அழுவதுபோல ஆக்குகிற மிதிபெடல், சொன்னதைத் திருப்பிச் சொல்கிற எக்கோ பெட்டி. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் நூறு வோல்ட், இங்கே இருநூற்றுமுப்பது. இந்த வேறுபாடு குறிப்புப் புத்தகத்தில் ஜப்பானிய மொழியில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அப்படிக் கருகி வந்த பெட்டிகளின் வாசனையை வைத்தே எந்தக் கப்பல் கரைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பார் அண்ணாச்சி.

அப்படி வந்தவன்தான் திரேஸ்புரத்துச் சேவியர். மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். நல்ல குரல், நல்ல முடி. இரண்டில் எதைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம் என்று சொல்வது கடினம். முதலில் அவன் கொண்டுவந்தது ஃபஸ் பெட்டி. புது பேட்டரி போட்டால் இரண்டு பாட்டு ஓடும், மூன்றாவது பாட்டில் சத்தம் செத்துவிடும். அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரவேண்டும். திறந்து பார்த்தேன். யாரோ முகப்பில் ஓட்டை போட்டு ஒரு டார்ச் பல்பைப் பொருத்தியிருந்தார்கள். பேட்டரியைக் குடித்தது அந்தப் பல்பு. மீதியைத்தான் கிடார் நக்கிக்கொண்டிருந்தது.

பல்பை எடுத்துவிட்டேன் என்றதும் அண்ணாச்சியைத் தாண்டி முதன்முறையாக என்னிடமே நேராகப் பேசினான். "ஏளா, லைட்டு இல்லாம ஸ்டேஜுல எப்படி நிக்க? எதிர் செட்டுக்காரன் பெட்டியில லைட்டு எரியுதுல்லா?"

"சத்தம் வேணுமா, லைட்டு வேணுமா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. கடைசியில் ஒரு பழைய சைக்கிளின் பின்புறச் சிவப்புக் கண்ணாடியை அறுத்து அந்த ஓட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். மேடை வெளிச்சம் பட்டால் ஜொலிக்கும், பேட்டரி கேட்காது. முன்னைவிட நன்றாக எரிகிறது என்று ஊரெல்லாம் சொன்னான்.

அடுத்து அவன் அண்ணன் ஓர் எக்கோ பெட்டி கொண்டுவந்தார். முகப்பில் சிறு கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு ஊசி. பாட்டுக்குத் தக்கபடி ஊசி ஆடும். ஜன்னலுக்குப் பின்னால் கடலை அளவு பல்பு எரியும். நூறு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்பார்மர் ஒன்றை நானே சுற்றிக் கொடுத்தேன். மேடையில் ஷாக் அடிக்காமலிருக்க அவன் கிடார் ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை எங்கே போனாலும் தரையில் அடித்த இரும்புக் குழாயில் கட்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். என் வார்த்தையைக் கேட்டு ஒழுங்காகச் செய்துவந்தான். பின்னால் அதுவே வினையானது.

அவன் ஊர்ப்பக்கத்து மாதா கோவில் திருவிழாவில் அவர்கள் குழு பாடுவதாக இருந்தது. கச்சேரிக்குச் சில நாள் முன்பிருந்து தினமும் சாயங்காலம் கோவில் மேடையிலேயே ஒத்திகை. ஒத்திகை தொடங்கிய மறுநாள் சேவியர் கடைக்கு வந்தான்.

"ஜன்னல் பல்பு போயிட்டு. ஊசியும் பாட்டுக்கு ஆட மாட்டேங்கு. சும்மா இருக்கும்போதே துள்ளுது."

பல்பை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஊசி சாதுவாக இருந்தது. கொண்டுபோனான். மறுநாள் மறுபடியும் வந்தான், மறுபடியும் பல்பு. அதற்கு மறுநாளும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிறகு நான் பல்பு வைத்திருக்கும் டப்பாவைப் பார்த்தார்.

"ஏளா, மட்டச் சரக்கு வாங்கிட்டியோ?"

"பல்பு நல்ல பல்புதான் அண்ணாச்சி."

அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். கிடார், ஆம்ப்ளிஃபயர், ட்ரான்ஸ்பார்மர், வயர் எல்லாம் வண்டியில் வந்து இறங்கின. கடை வாசலில் சேவியர் ஒரு முழுப் பாட்டே பாடினான். சந்தைக்கு வந்த கூட்டம் நின்று கேட்டது. ஊசி அழகாக ஆடியது, பல்பு அமைதியாக எரிந்தது. அண்ணாச்சி கண்ணை மூடி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அங்கன உள்ளதுல இங்கன வராதது எது?"

"எல்லாம் வந்துட்டு அண்ணாச்சி" என்றான் சேவியர்.

"கோவில் கரண்ட்டு வரல" என்றேன் நான்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் கொண்டுவரவேண்டிய ஒன்று வராமல் இருப்பது அவர் கொள்கைக்கு விரோதம். அன்று சாயங்காலமே கடையை முன்கூட்டிச் சாத்திவிட்டு என்னையும் வோல்டேஜ் பார்க்கும் மீட்டரையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினார்.

அன்று திருநாளுக்கு முந்தின சாயங்காலம், மாலை ஆராதனை. ஆராதனை முடிந்ததும் கச்சேரி. கோவில் முன்னால் சவுக்குக் கம்பு கட்டிப் பனை உயரத்துக்கு மாதாவின் உருவத்தைப் பல்புகளால் நிறுத்தியிருந்தார்கள். சாத்தான்குளத்து லைட் கான்ட்ராக்டர் பால்பாண்டியின் வேலை அது. தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்கு மட்டும் பெரிய பெரிய குண்டு பல்புகள். வட்டம் எரிந்து அணைந்து எரியும். எரியும்போதெல்லாம் ஜனங்கள் "மரியே" என்றார்கள்.

மேடையில் எக்கோ பெட்டியைப் போட்டு அதன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பாடவில்லை. ஆனால் ஊசி துள்ளியது, நின்றது, துள்ளியது. ஜன்னல் பல்பும் பளிச்சென்று கூடி, மங்கிக் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒளிவட்டம் எரியும்போது எங்கள் பல்பு கூடுகிறது, அணையும்போது குறைகிறது.

வாசிப்பவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றலாம். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. பக்கத்தில் பெரிய விளக்கு எரிந்தால் நம் விளக்கு மங்கவேண்டும், அதுதான் முறை. பிரகாசமானால், போஸ்ட்டிலிருந்து வருகிற நியூட்ரல் வயர் எங்கோ விட்டுக்கொண்டிருக்கிறது. எல்லா லைன்களிலும் போன கரண்ட் திரும்பி வரும் பொதுவழி அது. அது விட்டால், ஒளிவட்டம் இருக்கும் லைனில் வோல்டேஜ் இறங்கி, மேடை இருக்கும் லைனில் ஏறும். பல்பு போனதற்கு அது காரணம். ஆனால் அது சிறிய கஷ்டம்.

மைக் செட்டை யார் பூட்டினார்கள் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். பால்பாண்டியின் ஆட்கள்தான். மணல் காய்ந்து கிடந்ததால் எர்த் பிடிக்கவில்லை என்று மைக் பெட்டியின் எர்த் வயரை நியூட்ரலோடேயே முறுக்கி வைத்திருந்தார்கள். அதாவது ஒளிவட்டம் எரியும்போதெல்லாம் மைக்கின் இரும்பில் கரண்ட். கிடார் கம்பியோ, நான் சொன்னபடி, சுத்தமாகத் தரையோடு இணைந்திருக்கிறது. கையில் கிடார், உதட்டில் மைக். என் பங்குக்கு நான் செய்த சரியான வேலை, அவன் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்க நல்ல பாதை போட்டு வைத்திருந்தது.

மீட்டரின் ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் மறுமுனையை மைக்கிலும் வைத்தேன். ஒளிவட்டம் எரிந்தது. மீட்டர் முள் எழுந்து போன இடத்தைப் பார்த்து முனையை எடுத்துவிட்டேன்.

"சேவியர், பாடும்போது உதட்டுல எதுவும் தெரிஞ்சுதா?"

"லேசாக் கிறுகிறுங்கும். ரெண்டு நாளாக் கொஞ்சம் கூட. எக்கோ போட்டா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கீழே மின்பலகை அருகே பால்பாண்டியும் ஊர்க் கமிட்டித் தலைவர் பர்னபாஸும் நின்றிருந்தார்கள். போய்ச் சொன்னேன். பால்பாண்டி என்னைப் பார்க்காமல் தலைவரிடம் சொன்னார்: "நியூட்ரல் விட்டுருந்தா லைட்டு எரியுமா? எரியுதுல்லா? பாக்கதுக்குக் கண்ணு இல்லியா?"

தலைவர் ஒளிவட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அது எரிந்தது. "நல்லாத்தான எரியுது" என்றார். "ஆராதனை நடக்கும்போது மாதா லைட்ட அணைக்கச் சொல்லுதியா? நம்ம கோவில் புள்ளயா நீ? ஆராதனை முடியட்டும், கச்சேரிக்கு முன்னால பாப்போம்."

அதற்குள் மேடையில் மைக்கைச் சரிபார்க்கச் சேவியரை யாரோ கூப்பிட்டார்கள். தொடாதே என்று கத்தினேன். கோவிலுக்குள்ளிருந்து வந்த பாட்டில் அது கரைந்துபோனது. அவன் கிடாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை.

"ஏளா, செத்துருவானா?"

"சாகலாம் அண்ணாச்சி."

"நிச்சயமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. இன்னைக்குச் சாகாமலும் இருக்கலாம்."

நெற்றியில் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக, அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தவர் அவர். நேராகப் பலகைக்குப் போனார். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டார்.

ஒளிவட்டம், மாதா, கோபுரம், கடைகள், எல்லாம் ஒன்றாக அணைந்தன. மேற்கே கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே பாடிக்கொண்டிருந்த குரல்கள் தடுமாறி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன. வெளியே அவ்வளவு அமைதி இல்லை.

"யாருலே மாதா லைட்ட அணைச்சது?"

"நாந்தான்" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் அவரைச் சூழ்ந்தது. அவர் நெற்றியைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ சட்டையைப் பிடித்தார்கள். நான் நடுவில் புகுந்து, "நாந்தான் அணைக்கச் சொன்னேன், நான் கோயில் தெரு பிச்சையா மகள், நம்ம கோவில் புள்ள" என்று கத்தினேன். சட்டையிலிருந்து கை எடுக்கப்பட்டது, கோபம் எடுக்கப்படவில்லை. பால்பாண்டி கைப்பிடியை மேலே தள்ளப் போனார்.

அண்ணாச்சி அவரைத் தடுக்கவில்லை. கடையில் சரக்கு காட்டும் குரலில், "ஒண்ணே ஒண்ணு பால்பாண்டி" என்றார். "உன் லைன் சுத்தம்னு சொல்லுதல்லா? மேடைக்குப் போ. கிடார் கம்பிய ஒரு கையில பிடி, மைக்க ஒரு கையில பிடி. பிடிச்சிட்டுச் சொல்லு. நானே மெயினைப் போடுதேன்."

கூட்டம் பால்பாண்டியைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், அன்று முதன்முறையாக. பிறகு என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"டார்ச்ச இங்கன பிடிங்க" என்றார்.

போஸ்ட் வயர் பலகையில் சேரும் இடத்தில் கறுப்பு டேப் மொத்தமாகச் சுற்றியிருந்தது. பார்ப்பதற்குப் பலமான வேலை. டேப்பை உரித்ததும் வயரும் சேர்ந்து கையோடு வந்தது. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, முறுக்கு பொடிந்து, சில இழைகளில்தான் ஊர் மாதா எரிந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்த பலகை கறுத்துச் சூடாக இருந்தது. பால்பாண்டி கத்தியை எடுத்தார். செம்பைச் சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கினார். நன்றாகவே செய்தார், அதைச் சொல்லவேண்டும். மைக்கின் எர்த்தையும் பிரித்து, மணலில் தண்ணீர் ஊற்றிக் குழாய் அடித்து அதில் கட்டினார்.

கைப்பிடி மேலே போனது. ஒளிவட்டம் எரிந்தது, ஜனங்கள் "மரியே" என்றார்கள். ஊசி அசையவில்லை. கிடாருக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், முள் படுத்தே கிடந்தது. அதன் பிறகே சேவியரை மைக்கைத் தொட விட்டேன்.

கச்சேரியின் நடுவே தலைவர் மேடையேறி, இருளில் மூழ்கிய கோவிலுக்குச் சற்று நேரத்தில் ஒளியைத் திருப்பித் தந்தவர் என்று பால்பாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார். அண்ணாச்சியும் கைதட்டினார். சேவியர் இறங்கி வந்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "பெட்டியில என்னத்தயோ மாத்திட்ட. ஊசி முன்ன மாதிரி துள்ள மாட்டேங்கு."

திருவிழா முடிந்த வாரம் சேவியரின் அம்மா கடைக்கு வந்தார். கையில் ஓலைப் பெட்டி, அதில் ஒரு முழுச் சீலா மீன். அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் எங்களைத் திட்டத்தான் நின்றிருக்கிறார்.

"மாதா லைட்டு அணைஞ்சா ஊருக்கு ஆகாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு? எம் புள்ள பாடப் போற நேரத்துல அணைச்சிட்டிய. எனக்கு உசுரே போயிட்டு. அவனுக்கு எதுவும் ஆயிரக்கூடாதுன்னு அன்னையிலிருந்து தெனமும் மெழுகுவர்த்தி கொளுத்துதேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி தட்டிக்கு இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். பிறகு அந்த அம்மாளிடம் கேட்டார்: "புள்ளைக்கு எதுவும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல, மாதா காப்பாத்திட்டா."

"பெறகென்ன ஆச்சி. கொளுத்துனது வீண் போகல."

அம்மாள் கொஞ்சம் தணிந்தார். என்னைப் பார்த்து, "நீயும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திருளா, செஞ்ச பாவம் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு மாதா பீடத்துக்கு முன்னால் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாவம் செய்ததாக நினைக்கவில்லை. கரண்ட் பெட்டியைத் தொடும் பழக்கத்தில் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே, தீப்பெட்டியைப் பீடத்தில் சாய்த்து ஒரு குச்சியை உரசினேன். மறைக்க மறுகை இல்லாததால் காற்றில் குச்சி அணைந்தது. இன்னொன்றை உரசினேன், அதுவும் அணைந்தது. பீடத்தின் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையை வெளியே எடுத்துக் காற்றை மறைத்து, பிறகு கொளுத்தினேன்.